மை, குறி, எந்தோர்: பைபிள் எதை விலக்குகிறது, ஏன்?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். பெங்களூரு ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் காலையிலிருந்தே கூட்டம். அப்பாவின் கல்லறைக்குப் பூ வைக்கப் போயிருந்தேன். இரண்டு வரிசை தள்ளி, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு சகோதரி, தன் அம்மாவின் கல்லறை மேல் போன வருடம் உருகிக் காய்ந்திருந்த மெழுகைப் பழைய சாவி ஒன்றால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டியபடியே அம்மாவிடம் பேசிக்கொண்டும் இருந்தார். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், இப்படி.

வெளியே வரும்போது கைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டினார். நாளிதழுக்குள் செருகி வந்ததாம். வசியம், பில்லிசூனியம் எடுத்தல், பிரிந்தவர் சேர்தல் என்ற வழக்கமான பட்டியலின் கடைசியில், இறந்தவரின் ஆவியோடு பேசலாம் என்று ஒரு வரி. கீழே கைப்பேசி எண்.

"அம்மா நகையை அடகு வைத்த சீட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும் அண்ணா. அதுகூடவா தப்பு?" என்றார்.

தப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஏன் என்று அடுத்த கேள்வி வரும். நம் சபைகளில் அதற்கு இரண்டு பதில்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, 'அங்கே போனால் பிசாசு பிடிக்கும்.' மற்றது, 'எல்லாம் ஏமாற்று.' இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பைபிள் முக்கியமாகச் சொல்லும் காரணம் இரண்டுமே அல்ல. வயதுவந்தோர் வேதபாட வகுப்பு நடத்தும் எனக்கே அது புரியப் பல வருடங்கள் ஆயின.

மூன்று வேலைகளுக்கு ஒரே பெயர்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'மந்திரம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் மூன்று வேலைகள் உள்ளே இருக்கின்றன.

முதலாவது, குறி பார்த்தல். மறைந்திருப்பதை அறிய முயல்வது. பொருளைத் திருடியவன் யார், மாப்பிள்ளை எப்போது அமைவான் என்பவை இதில் சேரும். இரண்டாவது, மாந்திரீகம். தானாக நடக்காததை நடக்க வைக்க முயல்வது. வசியமும் ஏவலும் இந்த வகை. மூன்றாவது, ஆவி அழைத்தல். இறந்தவரிடம் செய்தி கேட்பது. இறந்தவருக்கும் உயிரோடு இருப்பவருக்கும் நடுவில் நின்று பேசுவதாகச் சொல்லும் ஆளைத்தான் 'மீடியம்' என்கிறோம்.

பக்கத்து வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பது முதல் வேலை. அந்த வீட்டு ஸ்விட்சைத் திருட்டுத்தனமாகத் தட்டிவிடுவது இரண்டாவது. அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டவரின் குரலில் பேசுகிறேன் என்பவரிடம் காசு கொடுத்து விவரம் கேட்பது மூன்றாவது. அந்தச் சகோதரி கேட்டது மூன்றாவதைப் பற்றி.

அஞ்சனம் எப்படி எந்தோருக்குப் போனது?

பைபிளின் சட்ட நூல்களில் ஒன்றான உபாகமத்தின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, சன்னதக்காரன், மாயவித்தைக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன். இவர்கள் உங்களுக்குள்ளே இருக்க வேண்டாம் என்கிறது வசனம். நாம் கையில் வைத்திருக்கும் பழைய தமிழ் பைபிள், 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையிலான குழு செம்மைப்படுத்தியது. எபிரெயப் பட்டியலுக்கு அவர்கள் நம் ஊர்ச் சொற்களையே எடுத்துப் போட்டார்கள். வாசிக்கிறவருக்கு உடனே விளங்கியது. கூடவே ஒரு குழப்பமும் ஒட்டிக்கொண்டது.

அஞ்சனம் என்றால் மை. வெற்றிலையிலோ கட்டைவிரல் நகத்திலோ கறுப்பு மையைத் தடவி, ஒரு சிறுபிள்ளையை உற்றுப் பார்க்கச் சொல்லி, 'யார் தெரிகிறார்கள்?' என்று கேட்பதுதான் அஞ்சனம் பார்ப்பது. சன்னதம் என்றால் தெய்வம் இறங்கி ஆடுவது. இரண்டும் நம் மண்ணின் வழக்கங்கள். பழைய இஸ்ரவேலில் வெற்றிலை ஏது?

எபிரெயத்தில் 'ஓவ்' என்று ஒரு சொல் உண்டு. இறந்தவரின் ஆவியையும் குறிக்கும், அந்த ஆவியை அழைப்பவரையும் குறிக்கும். உபாகமப் பட்டியலில் அந்தச் சொல் வரும் இடத்தில் நம் பைபிள் 'சன்னதக்காரன்' என்கிறது. அதே சொல் 1 சாமுவேல் 28இல் வரும்போது 'அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ' என்று மாறிவிடுகிறது. அதனால் தமிழில் மட்டும் வாசிக்கிறவர்கள், இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல் தேடிப் போன எந்தோர் என்ற ஊர்ப் பெண் மை தடவிய வெற்றிலையோடு உட்கார்ந்திருந்ததாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நானும் சிறுவயதில் அப்படித்தான் நினைத்தேன். அவளிடம் மை இல்லை. அவள் ஆவி அழைப்பவள், மீடியம்.

அந்தப் பட்டியலில் வரும் இன்னொரு எபிரெயச் சொல், 'அறிதல்' என்ற வேரிலிருந்து பிறந்தது. ஊரில் தாழ்ந்த குரலில் 'விஷயம் தெரிந்தவர்' என்று சிலரைச் சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். மூவாயிரம் வருடங்களாக மனிதர்கள் இந்த விஷயத்தை ஒரே குரலில்தான் பேசியிருக்கிறார்கள் போலும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வேலைகள் மூன்று, தமிழ்ச் சொற்கள் நம் ஊர் வழக்கத்தைத் தழுவியவை, மீடியத்திடம் போவது பட்டியலில் தெளிவாகவே இருக்கிறது. இனி, காரணம்.

கசிந்த வினாத்தாள்

2016இல் கர்நாடகத்தில் இரண்டாம் பி.யு.சி. (பிளஸ் டூ) வேதியியல் வினாத்தாள் ஒரு முறை கசிந்தது. மறுதேர்வுக்கு வைத்த தாளும் கசிந்தது. அந்த வருடம் பிள்ளையைப் படிக்க வைத்த பெங்களூருப் பெற்றோருக்கு அது மறக்காது. கசிந்த தாள் என்று சொல்லி ஒருவர் உங்களிடம் விற்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கக் கூடாது. ஏன்? அது போலியாக இருக்கலாம் என்பது ஒரு காரணம். மாட்டிக்கொண்டால் ஆபத்து என்பது இன்னொன்று. ஆனால் தாள் அசலாகவே இருந்து, மாட்டவே மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தாலும் அது திருட்டுத் தாள்தானே.

பைபிளின் வாதம் இந்த மூன்றாவது இடத்தில்தான் நிற்கிறது. உபாகமம் 13ஆம் அதிகாரம் இதைத் திகைக்க வைக்கும் அளவுக்கு நேராகச் சொல்கிறது. ஒரு தீர்க்கதரிசி ஓர் அடையாளத்தை முன்னறிவித்து, அது அப்படியே நடந்தாலும், அவன் உங்களை வேறு தெய்வங்களிடம் அழைத்தால் அவனுக்குச் செவிகொடுக்காதீர்கள் என்கிறது. 'பலித்ததே, பிறகென்ன?' என்ற நம் பெரிய வாதம் அங்கேயே செல்லாமல் போய்விடுகிறது.

இந்த ஒப்பீடு இதற்கு மேல் நகராது. தேர்வு வாரியத்துக்கும் மாணவனுக்கும் உறவு எதுவும் கிடையாது. கடவுளுக்கும் இஸ்ரவேலுக்கும் நடுவில் இருப்பதைப் பைபிள் 'உடன்படிக்கை' என்கிறது. நான் உங்களுக்குரியவன், நீங்கள் எனக்குரியவர்கள் என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட பந்தம் அது. தாலி கட்டிய உறவு மாதிரி என்றால் நமக்குச் சட்டென்று பிடிபடும். அந்த உறவுக்குள் நின்று பார்த்தால் தடையின் முகமே மாறிவிடுகிறது.

உபாகமம் 18இன் 14, 15ஆம் வசனங்களை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் 12ஆம் வசனத்தோடு பிரசங்கத்தை நிறுத்திவிடுகிறோம் என்பது என் வருத்தம். 14இல், மற்ற ஜனங்கள் நாள்பார்க்கிறவர்களுக்கும் குறிசொல்லுகிறவர்களுக்கும் செவிகொடுக்கிறார்கள், நீ அப்படிச் செய்ய உத்தரவில்லை என்று வருகிறது. 15இல், கர்த்தர் உன் சகோதரரிலிருந்து ஒரு தீர்க்கதரிசியை எழும்பப்பண்ணுவார், அவருக்குச் செவிகொடுப்பீர்களாக என்று வருகிறது. இரண்டிலும் ஒரே வினைச்சொல், செவிகொடுத்தல். யாருக்குச் செவிகொடுக்கிறாய் என்பதுதான் அங்கே கேள்வி. ஒரு கதவை மூடிய கையோடு இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது அந்தப் பகுதி. மூடிய கதவைப் பற்றி மட்டும் பேசுவதால்தான் தடை வெறும் மிரட்டலாகக் கேட்கிறது.

ஏசாயா 8:19இல் தீர்க்கதரிசியும் இதைத்தான் கேட்கிறார்: ஜனங்கள் தங்கள் தேவனிடத்தில் விசாரிக்க வேண்டாமோ? உயிருள்ளவர்களுக்காகச் செத்தவர்களிடத்தில் விசாரிக்கலாமோ? ஓதுகிறவர்கள், முணுமுணுக்கிறவர்கள் என்று குறிகாரர்களை அவர் வருணிப்பதில் கொஞ்சம் நையாண்டியும் தெரிகிறது.

சவுல் போன இரவு

தடையின் உள்ளர்த்தம் ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் எப்படி வெளிப்படும் என்று பார்க்க 1 சாமுவேல் 28ஐ விடச் சிறந்த இடம் இல்லை.

தீர்க்கதரிசி சாமுவேல் இறந்துவிட்டார். சவுல் தன் தேசத்திலிருந்து ஆவி அழைப்பவர்களைத் துரத்திவிட்டிருந்தான். சட்டத்தை அமல்படுத்தியவனே அவன்தான் என்பதைக் கவனியுங்கள். இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தர் சூனேமில் பாளயமிறங்கினார்கள். சவுல் எதிரே கில்போவாவில். படையைப் பார்த்து அவன் நெஞ்சு நடுங்கியது. கர்த்தரிடம் விசாரித்தான். சொப்பனத்தாலும் பதில் இல்லை, ஊரீமினாலும் இல்லை, தீர்க்கதரிசிகளாலும் இல்லை. (ஊரீம் என்பது ஆசாரியன் வைத்திருந்த, கடவுளின் சித்தம் கேட்கும் கருவி.) மௌனம்.

அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் அவன் கிளம்புகிறான். வேறு உடை உடுத்தி, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, இரவில். எந்தோர் மோரே குன்றுக்கு வடக்கே இருக்கிறது. பெலிஸ்தரின் பாளயமோ அதே குன்றின் மறுபக்கம். எதிரியின் பாளயத்தைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். கடவுளிடம் காத்திருக்கப் பயந்தவன், எதிரிப் படையின் ஓரமாக இருட்டில் நடக்கப் பயப்படவில்லை.

அந்தப் பெண் முதலில் மறுக்கிறாள். சவுல் இந்த வேலையை ஒழித்துவிட்டான், என்னைச் சாகவைக்கக் கண்ணி வைக்கிறாயா என்று அவனிடமே கேட்கிறாள். உனக்குத் தீங்கு வராது என்று அவன் கர்த்தரின் பேரில் ஆணையிடுகிறான்! கர்த்தர் விலக்கிய காரியத்துக்குக் கர்த்தரின் பேரிலேயே சத்தியம். பிறகு அவள் சாமுவேலைக் கண்டு அலறுகிறாள். சவுலுக்கு எதுவும் தெரியவில்லை. அவருடைய ரூபம் என்ன என்று கேட்கிறான். சால்வை போர்த்திய முதியவர் என்கிறாள்.

வந்தது உண்மையிலேயே சாமுவேலா? இதில் பழைய சபைப் பிதாக்களே ஒத்துப்போகவில்லை. சாமுவேல்தான் என்றார் ஓரிகன். சாமுவேலின் வேடத்தில் வந்த பிசாசு என்றார் நீசாவின் கிரெகோரி. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம், சாமுவேல் இறந்த பின்னும் இறைவாக்கு உரைத்தார் என்கிறது. வசனத்தை உள்ளபடி வாசித்தால் சாமுவேல் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பெண்ணே அலறியதைப் பார்த்தால், அவளே எதிர்பாராத ஒன்று நடந்திருக்கிறது. ஆனால் இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் அடுத்து வருவது மாறாது.

சவுலுக்குக் கிடைத்தது என்ன? கர்த்தர் ராஜ்யத்தை உன் கையிலிருந்து பறித்துத் தாவீதுக்குக் கொடுத்துவிட்டார் என்ற செய்தி. பறிபோகும் என்பதைச் சாமுவேல் உயிரோடு இருக்கும்போதே அவனிடம் சொல்லியிருந்தார். புதிதாகக் கிடைத்தது ஒரு நாள் கணக்கு மட்டும்: நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள். உயிரோடு இருந்தவர் சொன்னபோது செவிகொடுக்காதவன், செத்த பின் எழுப்பி அதையே கேட்டுக்கொண்டான்.

அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறான். இரவும் பகலும் சாப்பிடாமல் வந்திருக்கிறான். அப்போது அந்தப் பெண், வீட்டில் கொழுத்திருந்த கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து, புளிப்பில்லா அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள். அவள் தொழிலைப் பைபிள் ஏற்கவில்லை. அவள் கொடுத்த சோற்றை மறைக்கவும் இல்லை. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவளைச் சூனியக்காரக் கிழவியாக்கிவிட்ட நம் ஆட்கள் அந்தக் கடைசி வசனங்களை ஒரு முறை வாசித்தால் நல்லது.

சுருக்கமாக: சவுல் கெட்டது பொய்ச் செய்தி கேட்டதால் அல்ல. கேட்ட செய்தி பலித்தது. 1 நாளாகமம் 10, அவன் கர்த்தரைத் தேடாமல் ஆவி அழைப்பவளைத் தேடியதை அவன் சாவுக்கான காரணங்களில் ஒன்றாக எழுதுகிறது. தேடிப் போன திசைதான் குற்றம்.

உண்மையைச் சொன்ன பிலிப்பிப் பெண்

புதிய ஏற்பாட்டிலும் இதே கோடுதான். அப்போஸ்தலர் 16இல், பிலிப்பி நகரில் குறிசொல்ல ஏவுகிற ஆவி கொண்ட ஓர் அடிமைப் பெண், பவுலின் பின்னால் வந்து, இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர்கள் என்று பல நாள் கூவுகிறாள். சொன்னதில் பொய் இல்லை, இலவச விளம்பரம்கூட. பவுல் அதை ஏற்கவில்லை, ஆவியைத் துரத்துகிறார். உடனே அவள் எஜமான்கள் அவரைப் பிடித்து அதிகாரிகளிடம் இழுத்துப் போகிறார்கள், அதிகாரிகள் சிறையில் தள்ளுகிறார்கள். தங்கள் ஆதாயம் போய்விட்டதே என்ற கோபம் எஜமான்களுக்கு. குறி சொல்வதன் பின்னால் ஒரு கல்லாப்பெட்டி இருப்பதை, இதை எழுதிய லூக்கா பார்க்கத் தவறவில்லை.

அப்போஸ்தலர் 19இல் எபேசு பட்டணத்து மாயவித்தைக்காரர்கள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஏறக்குறைய ஒரு நாள் கூலி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் எரித்தது தங்கள் சொந்தப் புத்தகங்களை. அடுத்தவர் வீட்டை அல்ல. சூனியக்காரி என்று பெயர் சூட்டி மனிதர்களை வேட்டையாட இந்த வசனங்களை எடுத்தவர்கள் உண்டு. 1692இல் அமெரிக்காவின் சேலம் வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். செவிகொடுக்காதே என்று விசுவாசியிடம் சொன்னதை, ஆளைப் பிடித்து அடி என்று ஊருக்குச் சொன்னதாக மாற்றிக்கொண்டார்கள்.

ஏமாற்றுத்தானே?

பெரும்பாலும் ஆம். நவீன ஆவி அழைப்பு 1848இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில்லில் ஃபாக்ஸ் சகோதரிகள் கேட்ட 'தட்டும் ஓசை'யில் தொடங்கியது. 1888இல் அவர்களில் ஒருவரான மார்கரெட், கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்த ஓசையை எழுப்பினோம் என்று மேடையேறிக் காட்டினார். அடுத்த வருடம் அதை மறுத்தார் என்பது வேறு கதை. ஆவி மேஜையை நகர்த்துகிறது என்று லண்டனே பேசியபோது, விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1853இல் சோதித்து, மேஜை மேல் கை வைத்தவர்களே தங்களை அறியாமல் தள்ளுகிறார்கள் என்று காட்டினார்.

இவை தெரிந்திருப்பது நல்லது, காசு மிஞ்சும். ஆனால் 'ஏமாற்று' என்ற ஒரே தூணில் தடையை நிறுத்தினால், எங்காவது ஒன்று பலித்த அன்று தூண் சரிந்துவிடும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

கல்லறையில் பேசுவது ஆவி அழைப்பதா? அல்ல. அந்தச் சகோதரி மெழுகு சுரண்டிக்கொண்டே பேசியது துக்கத்தின் பேச்சு. அம்மாவிடமிருந்து பதிலை எதிர்பார்த்துக் காசு கொடுத்துக் காத்திருக்கவில்லை. புனிதர்களிடம் மன்றாடக் கேட்கும் கத்தோலிக்க வழக்கம்? அதைப் புராட்டஸ்டண்டுகள் ஏற்பதில்லை. ஆனால் அது வேண்டுதலுக்குத் துணை கேட்பது, மறைவான தகவல் கேட்பது அல்ல என்று கத்தோலிக்கர் பிரித்துக் காட்டுவதை நேர்மையாகக் கேட்க வேண்டும். மீடியத்தை அவர்கள் திருச்சபையும் விலக்குகிறது.

எனக்கு யாராவது சூனியம் வைத்துவிட்டால்? எங்கள் வகுப்பில் மாதம் ஒரு முறையாவது இது எழும். யாக்கோபுக்கு (அதாவது இஸ்ரவேலுக்கு) விரோதமான மந்திரவாதம் இல்லை என்று எண்ணாகமம் 23இல் சொல்வது கூலிக்கு அமர்த்தப்பட்ட பிலேயாம். சபிக்க வந்தவன் வாயாலேயே அது வந்தது. சூனியம் எடுப்பதாகச் சொல்லி யாராவது உடலை வதைத்தால் போலீஸுக்குப் போகலாம். கர்நாடகம் 2017இல் நிறைவேற்றிய மனிதத்தன்மையற்ற தீய வழக்கங்கள், பில்லிசூனியத் தடைச் சட்டம் 2020இல் அமலுக்கு வந்திருக்கிறது.

இன்னொரு சந்தேகம் நாம் எழுப்புவதில்லை, நான் எழுப்புகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வரும், பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுக்கிறோமே, நல்ல வசனம் வராவிட்டால் நைசாக வைத்துவிட்டு வேறொன்று எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை நானே எடுத்தேன். கிளி எடுத்துத் தரும் சீட்டுக்கும் அந்த நேரத்தில் என் கை செய்ததற்கும் என்ன வித்தியாசம்? யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தது உண்மை. ஆனால் ஜெபித்து, வந்ததை ஏற்றுக்கொண்டார்கள். பிடித்தது வரும்வரை போடவில்லை. ஞாயிறு மாலை 'தீர்க்கதரிசி' ஒருவரிடம் போய், எந்த மனை வாங்கலாம் என்று கேட்டு வருவதும் இதே கணக்குத்தான்.

அடகுச் சீட்டு

அந்தச் சகோதரியிடம் இவ்வளவும் நான் சொல்லவில்லை. கல்லறை வாசலில் யார் கேட்பார்கள்? சவுல் கதையை மட்டும் சொன்னேன். பிறகு, அம்மா வழக்கமாக எந்தக் கடையில் வைப்பார் என்று கேட்டேன். லிங்கராஜபுரத்தில் இரண்டு கடைகள், இரண்டில் ஒன்று என்றார். சீட்டு தொலைந்தாலும் அடகுக் கடையில் பேரேடு இருக்குமே அக்கா என்றேன்.

அடுத்த வாரம் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மூவரும் போனோம், அவரும் அவர் சின்ன மகளும் நானும். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மூன்று பேரேடுகளைப் புரட்டினார். நான்காவதில் இருந்தது: ஒரு ஜோடிக் கம்மல், ஒரு செயின், தேதி, தொகை. ஓரத்தில் நடுங்கிய எழுத்தில் அம்மாவின் தமிழ்க் கையெழுத்து, கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே ஓடியிருந்தது. அவர் பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். வட்டி எவ்வளவு ஆகியிருக்கிறது என்று கடைக்காரர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.